மேக்பெத்தின் கையில் ரத்தம், எங்கள் கையில் வார்த்தைப் பட்டியல்

வெள்ளிக்கிழமை மறுபடியும் டெஸ்ட். மேக்பெத்திலிருந்து நாற்பது வார்த்தைகள், எதிரே அர்த்தம் எழுத வேண்டும். மூன்று வாரமாக இந்த நாடகத்தை நடத்துகிறார்கள். வகுப்பில் இதுவரை ஒரு காட்சியைக்கூட யாரும் வாய்விட்டு முழுசாகப் படிக்கவில்லை. கேட்டால் போர்ஷன் முடிக்க நேரமில்லையாம். ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களிலேயே மிகச் சின்னது இதுதான். இதற்கே நேரமில்லையா?

பட்டியலில் இன்கார்னடைன் என்று ஒரு சொல். அர்த்தம்: சிவப்பாக்கு. ஒரு மார்க். அது எங்கே வருகிறது தெரியுமா? தூங்கிக்கொண்டிருந்த டங்கன் ராஜாவைக் குத்திக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறான் மேக்பெத். கையெல்லாம் ரத்தம். கடல் முழுவதையும் கொட்டிக் கழுவினாலும் இது போகுமா என்று கேட்கிறான். போகாது, இந்தக் கைதான் கடல்களையெல்லாம் சிவப்பாக்கும் என்கிறான். அங்கேதான் லத்தீன் வாடை அடிக்கும் அந்த நீளச் சொல் வந்து விழுகிறது. அடுத்த வரியிலேயே, பச்சைக் கடல் ஒரே சிவப்பாகிவிடும் என்று குட்டிக் குட்டிச் சொற்களில் சொல்லிவிடுகிறார் ஷேக்ஸ்பியர். அர்த்தத்தை அவரே கொடுத்துவிட்டார் ஐயா! 1623-ல்தான் இந்த நாடகம் முதன்முதலில் அச்சில் வந்தது. அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாரும் காதால் கேட்டுத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த அடுத்த வரியை வெட்டி எறிந்துவிட்டு, சொல்லை மட்டும் பிடுங்கி எங்கள் தலையில் கட்டினால் எப்படி மண்டையில் ஏறும்?

அதைவிட வயிற்றெரிச்சல், 'தௌ'. பட்டியலில் அதற்கு 'யூ என்பதன் பழைய வடிவம்' என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கால ஆங்கிலத்தில் 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் மரியாதையாக நீங்கள். இந்த வித்தியாசம் தமிழ் பேசுகிறவனுக்கா தெரியாது? கொலை வேண்டாம் என்று மேக்பெத் பின்வாங்கும்போது அவன் மனைவி 'யூ' என்றுதான் ஆரம்பிக்கிறாள். பேசிக்கொண்டே போனவள், என்மேல் வைத்த அன்பும் இப்படித்தானா என்று கேட்கிற இடத்தில் 'தௌ'வுக்கு இறங்குகிறாள். பயமா உனக்கு? கோழையாகவே வாழப் போகிறாயா நீ? நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்த மனைவி பாதிப் பேச்சில் நீ என்று மாறினால் கேட்கிறவனுக்கு எப்படிச் சுரீரென்று இருக்கும்! அந்தச் சூடுதான் அவனைக் கொலை வரைக்கும் தள்ளுகிறது. இதை வகுப்பில் எழுந்து சொன்னேன். "அதெல்லாம் கேள்வியில் வராது, உட்கார்" என்று பதில் வந்தது.

சரி, டெஸ்டை எழுதுகிறேன். சிவப்பாக்கு என்று எழுதி அந்த ஒரு மார்க்கையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை, அந்தக் கைகழுவும் காட்சியை மட்டுமாவது, இரண்டு பேரை எழுப்பி நிற்கவைத்துச் சத்தமாகப் படிக்க விடுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.