சீன ‘ஃபூ நாய்கள்’ நாய்கள் அல்ல, வீட்டுக்குள் பார்த்தபடி வைப்பதும் தவறு

வாசல் காவலுக்கு வைக்கும் சீனப் பொம்மைகளைப் பற்றி, “சீன ‘ஃபூ நாய்’ பொம்மைகளை வரவேற்பறையில் உள்பக்கம் பார்த்து வைக்கணும், ஒன்று இருந்தாலே போதும்” என்று சிலர் எழுதுகிறார்கள். மூன்றுமே சரியில்லை.

அவை சிங்கங்கள். சீனத்தில் ‘ஷி’ என்றால் சிங்கம்; கல்லில் செய்தால் ‘ஷிஷி’. ‘ஃபூ நாய்’ மேற்கத்தியர் வைத்த பெயர். சிங்கம் சீன மண்ணின் விலங்கே அல்ல. ஹான் அரச மரபுக் காலத்தில் மேற்கிலிருந்து காணிக்கையாக வந்தது, பிறகு பௌத்தத்தோடு காவல் உருவமாக நிலைபெற்றது.

காவலுக்கு நிற்பது வாசலைக் காக்கத்தானே? அதனால் முகம் வெளியே பார்க்க வேண்டும், எப்போதும் ஜோடியாக. ஆணின் வலது காலடியில் பந்து, பெண்ணின் இடது காலடியில் குட்டி. வெளியே நின்று வாசலைப் பார்த்தால் ஆண் உங்கள் வலப்பக்கம், பெண் இடப்பக்கம். பெய்ஜிங் அரண்மனையின் தைஹே வாயில் வெண்கலச் சிங்கங்களும் இப்படித்தான். சரிபார்க்க எளிய வழி: பந்தும் குட்டியும் கதவை ஒட்டிய பக்கமாக வர வேண்டும். வெளிப்பக்கமாக வந்தால் இடம் மாறிவிட்டது. இரண்டிலும் பந்தே இருந்தால் கடைக்காரர் ஜோடி பிரித்துக் கொடுத்திருக்கிறார், திருப்பிக் கொடுங்கள்.

ரெசின் (செயற்கைப் பிசின்) பொம்மையை வெயில் படும் திண்ணையில் வைக்காதீர்கள், பெயின்ட் வெளுக்கும். உள்ளே வெற்றிடமாக இருந்தால் தட்டினால் சாயும். அடியில் துளை இருந்தால் உலர்ந்த மணல் நிரப்பி அடைத்துவிடுங்கள். வெண்கலம் என்றால் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. வெண்கலத்தின் மேல் காலப்போக்கில் படியும் பழுப்புப் படலத்தைப் புளியின் அமிலம் அரித்துவிடும், எளிதில் திரும்ப வராது. உலர்ந்த மென்துணி போதும்.