சுண்ணாம்புப் பாறை தண்ணீரை வடிகட்டித் தருமா?

‘புதுச்சேரி அருகே துருவைப் பக்கம் அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கு, அதுவே வடிகட்டிடும், போர்வெல் தண்ணீரில் மைக்ரோபிளாஸ்டிக் (மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்) வர வாய்ப்பே இல்லை’ என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

மணலில் தண்ணீர் மெதுவாகக் கசியும், ஓரளவு வடிகட்டப்படும், சரி. சுண்ணாம்புப் பாறை வேறு. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறை விரிசல்களைக் கரைத்து அகலமாக்கிவிடும். அப்புறம் அதில் தண்ணீர் குழாயில் போவது போல ஓடும். மேலே கலந்த அழுக்கும் கூடவே போகும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸில் இப்படிப்பட்ட சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலும் கிணறுகளிலும் எடுத்த 17 மாதிரிகளில் 16இல் மைக்ரோபிளாஸ்டிக் இருந்தது. 2019இல் வெளியான ஆய்வு. லிட்டருக்கு அதிகபட்சம் 15 சொச்சம் துகள்கள், அத்தனையும் நூல் போன்ற இழைகள். துணி துவைத்த தண்ணீர் செப்டிக் டேங்க் வழியாக இறங்குவதும் ஒரு காரணம் என்று கருதினார்கள்.

அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. புதுச்சேரி, கடலூரில் பல போர்வெல்கள் மணற்கல்லிலும் வண்டலிலும்தான் இறங்கியிருக்கின்றன. ஆனாலும் போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழி இருந்து, துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றி சிமென்ட் போட்டு அடைக்காமல் விட்டிருந்தால், துவைத்த தண்ணீர் குழாயோரமாகவே கீழே இறங்கும். எந்தப் பாறையும் அதைத் தடுக்காது. உங்கள் வீட்டில் முதலில் அதைப் பாருங்கள்.