பிரேக் ஃப்ளூயிட் அளவு குறையவில்லை என்றாலும் மாற்றத்தான் வேண்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் ஃப்ளூயிட் அளவு குறையாத வரை அதை மாற்றத் தேவையில்லை, அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனையைப் பலர் பகிர்கிறார்கள். செலவைக் குறைக்க நினைப்பது நியாயம்தான், ஆனால் இந்தத் தகவல் சரியல்ல.

அளவு குறைந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்காவது கசியும். ஃப்ளூயிட் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அளவு சொல்லாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 (DOT) என்ற பிரேக் ஃப்ளூயிட் வகைகள் ஈரத்தை உறிஞ்சுபவை. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 4-க்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஃப்ளூயிட் கொதித்து ஆவியானால், பெடலின் அழுத்தம் பிரேக்குக்குச் சரியாகப் போய்ச் சேராது, மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். காரின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை என்று இருக்கும், அளவைப் பற்றிய நிபந்தனையே இருக்காது. அப்புறம், வெளி மெக்கானிக்கிடம் கொதிநிலை அளக்கும் டெஸ்டர் இருந்தால் சோதிக்கச் சொல்லுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாற்றுவதற்கும் கம்பெனி சர்வீஸ் தேவையில்லை, நல்ல வெளி கராஜே போதும்.