கப்பல் ஏற்றாமல் ஜீப்பில் உலகம் சுற்றலாமா?

‘ஃபோர் வீல் டிரைவ் ஜீப் போதும், கும்பகோணத்தில் கிளம்பி, கப்பலே ஏற்றாமல் உலகத்தைச் சுற்றி வரலாம்’ என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே பெரிங் நீரிணை. குறுகலான இடத்திலேயே சுமார் 85 கி.மீ., பாலம் கிடையாது. சரி, அமெரிக்கக் கண்டங்களையாவது ஓட்டிக் கடக்கலாமா என்றால், பனாமாவில் யாவிசா ஊரோடு நெடுஞ்சாலை முடிந்துவிடுகிறது. அப்புறம் கொலம்பியா பக்கம் வரை சுமார் 100 கி.மீ. டேரியன் காடும் சதுப்பும்தான். வண்டியைக் கப்பலில் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள்.

நாலு சக்கரமும் இழுத்தால் சேறு என்ன செய்யும் என்பவர்கள், நடவுக்கு உழுது போட்ட நம்ம வயலில் ஒருமுறை இறக்கிப் பார்க்கட்டும். டயர் பள்ளங்களில் களிமண் அப்பி வழவழவென்று ஆகிவிடும்; நாலும் சுற்றும், வண்டி உட்காரும். டிராக்டருக்கே கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித்தானே இறக்குகிறோம்!