முழங்கைக்குள் ஒரு முழம்
'ஆங்கிலத்தில் எல்போ என்றாலே ஆளை இடித்துத் தள்ளுவதுதான்' என்று, முழங்கைக்கான அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது பாதிதான் சரி. எல்போ அவுட் என்றால் ஒருவரை ஓரங்கட்டுவது, உண்மை. ஆனால் எல்போ ரூம் என்பது தாராளமாகப் புழங்க இடம். எல்போ கிரீஸ் கிரீஸே இல்லை, அழுத்தித் தேய்க்கிற உடலுழைப்பு. வேலைக்குப் புதிதாக வந்த பையனைக் கடைக்கு அனுப்பி அதை வாங்கிவரச் சொல்வது ஆங்கிலம் பேசுகிறவர்களிடையே பழைய குறும்பு. எங்கள் புதுச்சேரியில் இந்தச் சொல்லில் சண்டையே கிடையாது. போன மாதம் மாடித் தொட்டிக் குழாய் ஒழுகியபோது பிளம்பர் சீட்டில் எழுதிக் கொடுத்தது, 'முக்கால் இஞ்ச் எல்போ 4, டீ 1'. இங்கே எல்போ என்பது குழாயை முழங்கைபோல 90 டிகிரி திருப்பும் இணைப்பு, டீ என்பது T வடிவ இணைப்பு. நான் 45 டிகிரி வளைவை வாங்கிவந்து திரும்ப ஓடியது தனிக் கதை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'தமிழ் முழங்கைக்கு இப்படி எதுவும் இல்லையா' என்று கேட்டிருக்கிறார். சொல்லுக்குள்ளேயே முழம் உட்கார்ந்திருக்கிறதே! பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மா முழங்கை முட்டியில் சரத்தை வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்து அளப்பார். என் மாமியார் 'உன் கை குட்டை, அந்த அக்காகிட்ட வாங்கிக்கிறேன்' என்று பேரத்தைத் தொடங்குவார். எல்போவும் அப்படித்தான் பிறந்தது: பழைய ஆங்கிலத்தில் 'எல்ன்' முன்கை நீளம், 'போகா' வளைவு. இங்கே பெரியவர்கள் பேசிய பிரெஞ்சிலும் 'கூத்' முழங்கை, 'கூதே' முழம். என்ன, இங்கிலாந்தில் துணி அளந்த 'எல்' மட்டும் 45 அங்குலம், நம் முழத்தைப் போல இரண்டரை மடங்கு. பூக்காரம்மாவிடம் அந்த அளவு கேட்டால் அடிக்க வருவார்.