செத்தவர்களை எழுப்பிய கதைகள்

"அடுத்தவங்க உருவாக்கின கதாபாத்திரத்தை வச்சு எழுதறதெல்லாம் ஒரு எழுத்தாங்க?" போன வாரம் ஈரோட்டில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். எழுத்துதாங்க ஐயா. நான் எழுதக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

ஹாரி பாட்டர் நான்காம் புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது வர 2003 ஜூன் ஆகிவிட்டது. இடைப்பட்ட மூன்று வருடமும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவரவரே இணையத்தில் எழுதித் தள்ளினார்கள். ஃபேன்ஃபிக்‌ஷன், அதாவது ரசிகர் புனைவு என்று இதற்குப் பெயர். பெருந்துறை ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் அதையெல்லாம் படித்தேன். பிரிண்ட் எடுக்கக் கையில் காசு இருக்காது. பிடித்த இடங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் தவறாமல் ஓர் அறிவிப்பு இருக்கும்: இந்தப் பாத்திரங்கள் ரௌலிங்குடையவை, எனக்கு இதில் ஒரு பைசா வருமானம் இல்லை. அதையும் விடாமல் எழுதிக்கொள்வேன்.

ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் காட்ஃபாதர் சிரியஸ் செத்துப்போனான். ஒரு திரைக்குப் பின்னால் விழுகிறான், அவ்வளவுதான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் எங்களுக்கு அது போதாதா? அந்தத் திரைக்குள்ளிருந்து அவனை வெளியே கொண்டுவர எத்தனை எத்தனை கதைகள்! நானும் எழுதினேன். கடல்தாண்டி எங்கேயோ இருந்த ஒரு அக்கா எனக்கு பீட்டா, அதாவது வெளியிடுவதற்கு முன் படித்துத் திருத்திக் கொடுப்பவர். முகம்கூடப் பார்த்ததில்லை. "இவன் பேசும்போது கை என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தார். இன்றைக்கும் உரையாடல் எழுதினால் முதலில் அந்தக் கையைத்தான் தேடுகிறேன்.

அந்தக் கதையை அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். காங்கேயம் பக்கத்துக்காரர், பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளைப் பற்றிய அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாக இரவிரவாகக் கேட்டு வளர்ந்தவர். "செத்தவங்கள எழுப்பாம எப்படி சாமி கதைய முடிப்பாங்க?" என்றார். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பொன்னரும் சங்கரும் களத்தில் மாண்டபிறகு தங்கை தங்காள் வந்து கொஞ்ச நேரமாவது அவர்களை எழுப்பிப் பேசிவிடுகிறாள். இந்தக் கதைக்காகக் கோயில் திருவிழாவில் நடக்கும் படுகளத்தில் பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது ஊர்க்காரர்களே அருள் வந்து பிணமாக விழுவார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். கதை கேட்க வந்தவர்களே கதைக்குள் போய்விடுகிறார்கள். இதைவிடப் பெரிய ரசிகர் கூட்டம் எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு உடுக்கைக்காரரும் ஒரு மாதிரி பாடினார்கள், யாரும் உரிமை கேட்கவில்லை. கலைஞர் அதை எடுத்துப் 'பொன்னர் சங்கர்' நாவல் எழுதினார். கல்கி முடித்த பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதையெல்லாம் இலக்கியம் என்பவர்கள், பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளை சிரியஸை எழுப்பினால் மட்டும் முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

என்னுடைய உண்மையான வருத்தம் வேறு. மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-இல் ஓலப்பாளையத்துக்கு வந்து அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார், அதனால் அந்தக் குரல்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் கதைகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. 2002-இல் ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் தளம் வயதுவந்தோர் கதைகளை மொத்தமாகத் தூக்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009-இல் மூடியபோது எத்தனையோ ரசிகர்களின் கதைகளும் அதோடு போயின. அப்புறம்தான் ரசிகர்கள் தங்களுக்கென்றே கட்டிய 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற தளம் அதே வருடம் நவம்பரில் எல்லோருக்கும் திறந்தது. 2019-இல் அதற்கு அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்துக்கான ஹ்யூகோ விருது கிடைத்த அன்று நான் அழுதேன்.

ஆனால் அதற்கு முன்னால் போனது போனதுதான். நான் எழுதியதும் போய்விட்டது. கையால் எழுதிவைத்த நோட்டுகள் மட்டும் இருக்கின்றன; பல கதைகள் பாதியில் நிற்கின்றன, எழுதியவரின் புனைபெயர் மட்டும் தெரியும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் அந்த வருடங்களில் எழுதியவர்கள், படித்தவர்கள் யாரிடமாவது பழைய பிளாப்பி, சிடி, பிரிண்ட் எடுத்த தாள் எது இருந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.