ஆறு மாசத்துல டிகிரி

(தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். கடைக்காரி செல்வி, வந்திருப்பவர் மில் சூப்பர்வைசர் முருகேசன்.)

முருகேசன்: ஆதார், பான் ரெண்டையும் ஜெராக்ஸ் போடும்மா. புரமோஷனுக்காக பி.பி.ஏ. வாங்கப் போறேன்.

செல்வி: படிக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?

முருகேசன்: ஆறே மாசம். பரீட்சையைக்கூட நோட்டீஸ் குடுத்த ஏஜென்ட்டுங்களே எழுதிடுவாங்களாம்.

செல்வி: அப்போ புரமோஷனும் அவங்களுக்குத்தானே குடுக்கணும்? அண்ணே, இளநிலைப் பட்டம்னா பொதுவா மூணு வருஷம். ஆறு மாசத்துல குடுக்கறது டிகிரி இல்ல, லேமினேஷன். அதை நானே முப்பது ரூபாய்க்குப் போட்டுத் தருவேன்.

முருகேசன்: யுஜிசி அங்கீகாரம்னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல இருக்கே!

செல்வி: அது பல்கலைக்கழகத்துக்கு இருக்கலாம். தபால்லயோ ஆன்லைன்லயோ நடத்தணும்னா ஒவ்வொரு படிப்புக்கும் தனி அனுமதி வேணும். யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பணியகம், சுருக்கமா ‘டெப்’, அவங்க தளத்துல பட்டியல் இருக்கு. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த வருஷம், எல்லாம் பொருந்தணும். போன வருஷ அனுமதியைக் காட்டி இந்த வருஷம் ஆள் பிடிக்கறவங்களும் உண்டு. (தட்டுகிறாள்) உங்க பி.பி.ஏ. இல்லண்ணே.

முருகேசன்: ஸ்பெல்லிங்கை மாத்திப் பாரேன்.

செல்வி: எப்படி மாத்தினாலும் இல்லாதது இல்லாததுதான்.

முருகேசன்: பொண்ணுக்கு அங்கேயே தபால்ல நர்சிங்னு பேசிட்டேனே!

செல்வி: ஊசியையும் தபால்லயே போட்டுக்குவாங்களா? நர்சிங், இன்ஜினீயரிங், பார்மசி, சட்டம் எதையும் தொலைதூரக் கல்வியில நடத்தவே கூடாது. சரி, டெப் தளத்துல மாணவர் எடுக்கற பதிவு எண், அந்த டெப் ஐடி கேட்டாங்களா?

முருகேசன்: அப்படி ஒண்ணு இருக்கா?

செல்வி: 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து அது கட்டாயம். முதல்ல ஏபிசி ஐடி, அதாவது படிப்புல வாங்கற கிரெடிட்டைச் சேத்து வைக்கற கணக்கோட எண், எடுக்கணும், அதை வச்சு மாணவரே டெப் ஐடி போடணும். ஆதார்ல முருகேசன், மார்க் ஷீட்ல முருகேஷ்னு இருந்தா அங்கேயே முட்டி நிக்கும். பேரை இப்பவே சரிபண்ணி வைங்க. ஆமா, பீஸ் எவ்வளவு?

முருகேசன்: இப்போதைக்குப் பைசா வேணாமாம். ஆதார், பான் காப்பி, போனுக்கு வர்ற ஓடிபி, அவ்வளவுதான்.

செல்வி: அய்யோ, அது உங்க பேர்ல எடுக்கற கடன்! மொத்தப் பணமும் அந்த ஏஜென்ட் கைக்குப் போயிடும். நீங்க படிப்பை விட்டாலும் தவணை உங்களை விடாது, பின்னால கடன் கேட்டா பேங்க் பாக்கற சிபில் ஸ்கோரும் படுத்துடும். பீஸைப் பல்கலைக்கழகத் தளத்துலதான் கட்டணும், ரசீதும் பல்கலைக்கழகத்தோட பேர்லயே வரணும்.

முருகேசன்: ஏதாவது கத்துக்கிட்டேன்னு மேனேஜர்கிட்ட காட்டணுமே.

செல்வி: ஐஐடிங்க நடத்தற இணைய வகுப்பு, என்பிடெல்ல மேலாண்மைப் பாடம் இருக்கு, படிக்கக் காசில்ல. சான்றிதழ் வேணும்னாதான் தேர்வுக் கட்டணம். ஆனா மையத்துக்குப் போய் நீங்களேதான் எழுதணும்.

முருகேசன்: நானேவா?

(போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார்.)

முருகேசன்: சார், டெப் ஐடின்னு ஒண்ணு...

குரல்: அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். இன்னிக்குத்தான் கடைசி நாள். ஓடிபியை மட்டும் சொல்லுங்க!

முருகேசன்: (போனைப் பொத்திக்கொண்டு) செல்வி, இந்த நம்பரை எப்படிம்மா பிளாக் பண்றது?